பின் சக்கரம் தள்ளும் வண்டியும் பனிக்காலச் சாலையும்

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் பிரிவில் ஆளுக்கொரு தலைப்பு எடுத்துக்கொண்டார்கள். பனி பெய்யும் ஊரில் பின் சக்கர வண்டியை ஓட்டுவது எப்படி என்று நான் எழுதிக் கொடுத்தேன். "பனியைப் பார்த்திருக்கியாடா நீ?" என்று வகுப்பே சிரித்தது. பார்த்ததில்லைதான். நமக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனி. தலைக்குத் துண்டு கட்டினால் தீர்ந்தது. ஆனால் நாம் வகுப்பில் படித்த உராய்வு, எடைப் பங்கீடு, டிஃபரன்ஷியல் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து நம்மைப் பரீட்சை பார்ப்பது பனிச் சாலையில்தான். அதனால் துணிந்து எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் தாய்மாமா கனடாவில் டொரான்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறார். சமையல் வேலைக்குப் போனவர், இப்போது ஒரு மளிகைக் கடையின் சரக்கு வேன் ஓட்டுகிறார். அது பின் சக்கரம் தள்ளுகிற வேன். போன குளிர்காலத்தில் ஒருநாள் போன் செய்தவர் அம்மாவிடம் பேசிவிட்டு, "மாப்ளேகிட்ட குடு" என்றாராம். "மாப்ளே, நீ வண்டி படிப்புதானே படிக்கிற? காலி வேன் பனியில மேடு ஏற மாட்டேங்குது. வளைவுல வால் திரும்புது. பின்னாடி ரெண்டு மணல் மூட்டை போட்டா சரியாயிடும்னு முதலாளி சொல்றார். சரியாகுமா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். என் படிப்பை நம்பி வீட்டில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. வாய்க்கு வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. மாமா தினமும் அந்த வேனில்தானே போகிறார்? ஒரு வாரம் டைம் கேட்டு, நூலகத்தில் உட்கார்ந்து, சாரிடமும் கேட்டுக் கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே தருகிறேன்.

எந்தச் சக்கரம் தள்ளுகிறது?

நம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் அம்பாசிடரை எல்லோருக்கும் தெரியும். எஞ்சின் முன்னால். கியர் பாக்ஸிலிருந்து புரொபெல்லர் ஷாஃப்ட் வண்டியின் அடியில் ஓடி, டிஃபரன்ஷியல் வழியாகப் பின் சக்கரங்களைச் சுற்றுகிறது. 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை அந்த வண்டி அப்படித்தான் வந்தது. 1983-ல் வந்த மாருதி 800-ல் எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் முன்னாலேயே அடங்கி, முன் சக்கரமே வண்டியை இழுத்தது.

வெயில் ஊரில் இந்த வித்தியாசம் சாதாரண ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. பனியில் உடனே தெரியும். முன் சக்கர வண்டியில் எஞ்சினின் எடை இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னால் இருக்கும். பின் சக்கர வண்டியில், அதுவும் காலி வேனில், தள்ளுகிற சக்கரத்தின் மேல் எடை குறைவு. எடை குறைந்தால் பிடிமானம் குறையும். எஞ்சினைப் பின்னால் வைத்த பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பின் சக்கர வண்டியாக இருந்தும் பனியில் நன்றாகக் கிளம்பியதற்குக் காரணம் இதுவே. அதன் எஞ்சின் தள்ளுகிற சக்கரத்தின் மேலேயே இருந்தது.

அப்படியானால் பின் சக்கர வண்டி பனிக்கு ஆகவே ஆகாதா? அப்படியும் சொல்ல முடியாது. சுவீடன் நாட்டின் வோல்வோ 240 பின் சக்கர வண்டி. 1974 முதல் 1993 வரை தயாரானது. வருடத்தில் பல மாதம் பனி கிடக்கும் நாட்டில் அதை வைத்துத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், ஆபீஸ் போனார்கள். அப்படியென்றால் வேறு ஏதோ விஷயம் இருக்கிறது அல்லவா?

பிடிமானம் என்ற கையிருப்பு

காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் கெழு சுமார் 0.8. இறுகிய பனியில் அது 0.2 முதல் 0.3. ஐஸ் மேல் 0.1, சில சமயம் அதற்கும் கீழே. இதை பிரேக் தூரத்துக்கான சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கியதன் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி காய்ந்த தாரில் சுமார் 12 மீட்டரில் நிற்கும். 0.2 உள்ள பனியில் 49 மீட்டர். 0.1 உள்ள ஐஸில் 98 மீட்டர்! ஓட்டுநர் சுதாரித்துக் காலை வைக்கிற நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை.

இந்தச் சூத்திரத்தில் எந்தச் சக்கரம் தள்ளுகிறது என்பது எங்கேயும் வரவில்லை. முன் சக்கர வண்டி, பின் சக்கர வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் எல்லாவற்றுக்கும் பிரேக் நான்கு டயரில்தான். நாலு சக்கர வண்டி சீக்கிரம் கிளம்பும், ஆனால் சீக்கிரம் நிற்காது. "என் வண்டி ஃபோர் வீல்" என்ற தைரியத்தில் வேகமாகப் போகிறவர்களைத்தான் பனிக்காலம் பள்ளத்தில் இறக்குகிறது.

குளிர் அதிகமானால் வழுக்கல் அதிகமாகும் என்று நானும் நினைத்தேன். சார் திருத்தினார். பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில்தான் ஐஸ் மோசமாக வழுக்கும், ஏனென்றால் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். மைனஸ் 20-ல் ஐஸ் காய்ந்து கிடப்பதால் பிடிமானம் கொஞ்சம் கூடும். சாலையில் தூவும் உப்பு மட்டும் மைனஸ் 15-க்குக் கீழே போனால் அவ்வளவாக வேலை செய்யாது.

வால் ஏன் திரும்புகிறது?

ஒரு டயரிடம் இருக்கும் பிடிமானம் நம் பையில் இருக்கும் பஸ் காசு மாதிரி. அளவானது. தள்ளுவதற்கும், பிரேக் போடுவதற்கும், வளைவில் பக்கவாட்டில் பிடித்துக்கொள்வதற்கும் அந்த ஒரே காசிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். பின் சக்கர வண்டியில் வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின் டயரின் பிடிமானம் தள்ளுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. பக்கவாட்டில் பிடிக்க மிச்சமில்லை. சக்கரம் வெறுமனே சுற்றும், வால் வெளியே போகும், வண்டி தன்னைத்தானே சுற்றப் பார்க்கும்.

முன் சக்கர வண்டியில் இதே தவறைச் செய்தால் முன் டயர் பிடியை விடும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகும். வால் திரும்பிய வண்டியைச் சரிசெய்யக் கைப்பழக்கம் வேண்டும். பின் சக்கர வண்டிக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான்.

இன்னொன்று, ஆக்சிலேட்டரை அழுத்தினால் மட்டும்தான் வால் திரும்பும் என்று இல்லை. இறக்கத்தில் சட்டென்று கீழ் கியருக்கு மாற்றினால் எஞ்சின் பின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். அதுவும் பின் சக்கரத்துக்கு மட்டும் போடும் பிரேக்தான். ஹேண்ட் பிரேக்கை இழுப்பதும் அப்படியே. இன்றைய பின் சக்கர மின்சாரக் கார்களில் ஆக்சிலேட்டரை விட்டவுடன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கிறதே, ஐஸ் மேல் அதற்கும் இந்தக் குணம் உண்டு.

டிஃபரன்ஷியல் செய்கிற வேலை

நம் ஒர்க்‌ஷாப்பில் வெட்டி வைத்திருக்கும் டிஃபரன்ஷியல் மாடலில் ஒரு பக்கச் சக்கரத்தைக் கையால் பிடித்தால் மறுபக்கம் வேகமாகச் சுற்றும். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். பிடிமானம் குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும்.

ஒரு கணக்கு. பின் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 300 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஐஸ் மேல், கெழு 0.1. மற்றது காய்ந்த தார் மேல், கெழு 0.8. தாரில் உள்ள சக்கரத்தால் 240 கிலோ விசையில் தள்ள முடியும். ஆனால் ஐஸில் உள்ளது 30 கிலோவிலேயே வழுக்கிவிடும். ஆகவே இரண்டும் சேர்த்துக் கிடைப்பது 60 கிலோதான். ஒரு சக்கரம் அசையாமல் நிற்க, மறு சக்கரம் கிர்ரென்று சுற்றும் காட்சி இதனால் வருவது.

எங்கள் அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். தொளி உழவில் ஒரு சக்கரம் சேற்றில் சுற்ற ஆரம்பித்தால் காலடியில் உள்ள டிஃபரன்ஷியல் லாக்கை மிதிப்பார். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டி வெளியே வந்துவிடும். வரப்பு ஏறுமுன் காலை எடுத்துவிடுவார். காரணம் கேட்டால், "எடுக்கலேன்னா திருப்ப முடியாதுடா" என்பார். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். சில கார்களிலும் வேன்களிலும் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்று ஒன்று வருகிறது. அது பாதிப் பூட்டு மாதிரி. ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்குக் கொஞ்சம் விசை போகும். ஆனால் ஓரம் சாய்ந்த ஐஸ் ரோட்டில் இரண்டு சக்கரமும் ஒன்றாக வழுக்கினால் வால் பள்ளத்துப் பக்கம் இறங்கிவிடும். ஆகவே அதற்கும் நிதானம் வேண்டும்.

மணல் மூட்டைக் கணக்கு

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். காலி வேனின் எடை 2,200 கிலோ, அதில் 40 சதவீதம், அதாவது 880 கிலோ, பின் சக்கரத்தின் மேல் என்று கொள்வோம். உராய்வுக் கெழு 0.2. தள்ளும் விசை 176 கிலோ. 2,200-ஆல் வகுத்தால் 0.08. அதாவது 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் மேட்டைத்தான் ஏற முடியும். (மேட்டில் கொஞ்சம் எடை பின்னால் சாயும். அந்தச் சிறு லாபத்தை விட்டுவிட்டேன்.)

பின் அச்சுக்கு நேர் மேலே 100 கிலோ மணல் வைத்தால் பின் சக்கரத்தின் மேல் 980 கிலோ. விசை 196 கிலோ. ஆனால் வண்டியின் எடையும் 2,300 ஆகிவிட்டது. வகுத்தால் 8.5 சதவீத மேடு. வெறும் அரை சதவீதம்தான் லாபம்!

மூட்டையே இல்லாமல், நல்ல பனிக்கால டயர் போட்டுக் கெழு 0.3 ஆனால்? 264 கிலோ விசை. 12 சதவீத மேடு. அதே டயரில் பிரேக் தூரம் 49 மீட்டரிலிருந்து 33 மீட்டராகக் குறைகிறது. மணல் மூட்டை பிரேக் தூரத்தை ஒரு அடிகூடக் குறைக்காது. கட்டாமல் வைத்த மூட்டை, வண்டி மோதினால் ஓட்டுநரின் முதுகுக்குத்தான் வரும். மூட்டையைக் கடைசிக் கதவு ஓரமாக வைத்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங்கும் கெடும். மணல் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறு பையில் எடுத்துப் போய், மாட்டிக்கொண்டால் சக்கரத்தின் கீழே தூவ அது அருமையான பொருள்.

இதை நான் சொன்னதும் மாமா முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். அவர், "சரி, பின்னால் இரண்டுக்கு மட்டும் பனி டயர் போடுவோம், அதுதானே தள்ளுகிறது" என்றாராம். மறுபடியும் போன். இது இன்னும் ஆபத்து. பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பிரேக்கின் பெரும்பங்கு வேலை முன் டயருக்குத்தான். திருப்புவதும் முன் டயர்தான். பின்னால் மட்டும் நல்ல டயர் போட்டால் வண்டி நன்றாகக் கிளம்பும், ஆனால் திரும்பாது, நிற்காது. முன் சக்கர வண்டியில் முன்னால் மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்க, வால் சுற்றிக்கொண்டு முன்னே வரும். எந்த வண்டியானாலும் நான்கும் மாற்ற வேண்டும். கடைசியில் நான்கும் மாற்றினார்கள்.

பனிக்கால டயரில் என்ன விசேஷம்?

மூன்று விஷயம். முதலாவது ரப்பர். சாதாரண கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும். பனிக்கால டயரில் சிலிக்கா கலந்த ரப்பர் குளிரிலும் மெதுவாகவே இருக்கும். இரண்டாவது, டிரெட் கட்டைகளில் பிளேடால் கீறியது போன்ற நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். அவை விரிந்து பனியைக் கடிக்கும். மூன்றாவது, அகலமான பள்ளங்கள். அவற்றில் பனி அடைந்து இறுகும். பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும். பனி உருண்டை பிடித்து விளையாடும் குழந்தைகளுக்கும் இது தெரியும்.

உலகின் முதல் பனிக்கால டயரை பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் 1934-ல் லாரிக்காகச் செய்தது. கார்களுக்கான ஹக்கபெலிட்டா டயர் 1936-ல் வந்தது. அப்போது பெரும்பாலான கார்கள் பின் சக்கர வண்டிகள்தான் என்பதை நினைவில் வையுங்கள். இன்று சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சாலையில் பனிக்கால நிலைமை இருந்தால் பனிக்கால டயர் கட்டாயம். கனடாவின் கியூபெக் மாநிலம் 2008-ல் இதைக் கட்டாயமாக்கியது. பக்கத்தில் உள்ள ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் பனிக்கால டயர் போட்டால் இன்சூரன்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. மாமா இருக்கும் டொரான்டோ ஒன்டாரியோவில்தான். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் ஒரு பனிப்பூ படம் இருந்தால் அது பனிச் சோதனையில் தேறிய டயர். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் அந்தப் படம் உள்ள டயரே பனிக்கால டயர் என்று கணக்கில் வரும்.

காற்றையும் மறக்கக் கூடாது. 20 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. அடித்த டயர் மைனஸ் 15-ல் சுமார் 26-க்கு வந்துவிடும். பஞ்சர் எதுவும் இல்லை, நாம் படித்த வாயு விதிதான் காரணம்.

ஓட்டும் முறை

1. கிளம்புமுன் சைலன்சர் குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

2. இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளப்புங்கள். சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை குறைவதால் வெறுமனே சுற்றாது.

3. பிரேக், ஸ்டியரிங், ஆக்சிலேட்டர் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்று. வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர் ரோட்டிலேயே குறைத்துவிடுங்கள்.

4. மேடு ஏறுமுன் கீழேயே அளவான வேகம் எடுத்து, ஒரே சீராக ஏறுங்கள். நடுவில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது கஷ்டம்.

5. வால் திரும்பினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, கிளட்சை மிதித்து, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே திருப்புங்கள். வண்டி நேராக வர ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்குங்கள். இல்லாவிட்டால் வால் மறுபக்கம் வீசும்.

6. மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். சுற்றும் சக்கரத்தின் சூட்டில் பனி உருகி ஐஸாகிவிடும். மணலைத் தூவி, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி எடுங்கள்.

கம்ப்யூட்டர் காப்பாற்றுமா?

1978-ல் மெர்சிடிஸ் காரில் பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். வந்தது. 1995-ல் அதே இரண்டு நிறுவனமும் சேர்ந்து ஈ.எஸ்.பி. கொண்டுவந்தன. வால் திரும்புவதை சென்சார் கண்டுபிடித்து, எஞ்சின் சக்தியைக் குறைத்து, தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும். எந்த ஓட்டுநராலும் ஒற்றைச் சக்கரத்துக்கு பிரேக் போட முடியாது! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். பின் சக்கர வண்டியின் மீதிருந்த பயத்தைப் பெருமளவு போக்கியது இந்தக் கருவிதான்.

ஆனால் கம்ப்யூட்டர், இருக்கும் பிடிமானத்தைப் பங்கு போட்டுத் தரும். இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது. மொட்டை டயர் போட்ட வண்டியில் எந்தக் கம்ப்யூட்டரும் பாவம், ஒன்றும் செய்ய முடியாது.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் சிலர் சர்வீஸ் சென்டரில் நிற்போம், சிலர் வெளிநாடு போவோம், சிலர் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைப்போம். வண்டி வழுக்குகிறது என்று யார் வந்து நின்றாலும், எந்தச் சக்கரம் தள்ளுகிறது என்று கேட்பதற்கு முன்னால் குனிந்து நான்கு டயரையும் பாருங்கள். நம் ஊர் ஐப்பசி மழைக்கும் இதுவே பொருந்தும். ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். ஓட்டுகிறவரின் உயிரும் அவர் வீட்டாரின் சோறும் அதன் மேல்தான் போய் வருகின்றன.